குற்றவாளியைத் தப்பவிடுவது யார்?

கொலையுண்டவன் வீட்டில் அழுகுரல் ஓய்வதற்கு முன்னரே, கொன்றவன் என்று பிடிக்கப்பட்டவன் நீதிமன்றத்தினின்றும் விடுதலை பெற்று வீடு திரும்பினான் என்ற செய்தியைப் பத்திரிகையில் காணுந்தோறும், நம்மவர் வாயினின்று எழும் வாக்கியம் ஒன்றுண்டு. "சட்டம் குற்றவாளிக்குத்தான் துணை, பறிகொடுத்தவனுக்கு யார் துணை?" என்பதே அது. கோப்பிக்கடை மேசையில் பிறக்கும் இவ்வாக்கியம் தோட்டத்து லயத்திலும், அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்திலும், திருவிழாக் கூட்டத்திலும் ஒருமுகமாக ஒலிக்கின்றது. இதனைச் சொல்வோர் கொடியவர் அல்லர். அநீதி கண்டு மனம் பொறாதவரே சொல்கின்றனர். ஆதலின் இதனை நகைத்துத் தள்ளிவிடுதல் அறிவுடைமையாகாது.

மெய்யாகவே குற்றவாளிகள் தப்புகின்றனரா? தப்புகின்றனர் எனின், அவரைத் தப்பவிடுவது யார்? முதற் கேள்விக்கு விடை கூற நெடுநேரம் வேண்டுவதில்லை. தப்புகின்றனர், எந்நாட்டிலும் தப்புகின்றனர், எக்காலத்திலும் தப்பியே வந்துள்ளனர். இரண்டாவது கேள்வியே ஆராய்ச்சிக்குரியது. அதனை மலாயாவும் சிங்கப்பூரும் கண்ட வரலாற்றைத் துணைக்கொண்டு ஆராய்வதே நம் நோக்கம்.

"ஆயிரம் குற்றவாளிகள் தப்பினும் ஒரு நிரபராதி தண்டிக்கப்படலாகாது" என்று நம் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். இவ்வாக்கியத்தின் பிறப்பிடம் இங்கிலாந்து. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டுச் சட்டங்களுக்குப் பேருரை வகுத்த பிளாக்ஸ்டன் என்பார் சொன்ன கணக்கு பத்துக் குற்றவாளிகளுக்கு ஒரு நிரபராதி. அமெரிக்கப் பெரியார் பெஞ்சமின் பிராங்கிளின் பத்தை நூறாக்கினார். தமிழ் மேடை நூறை ஆயிரமாக்கிற்று. எண் பெருகிற்றேயன்றிப் பொருள் ஆராயப்படவில்லை. இதனைக் கேட்கும் எளிய மனிதன், நிரபராதியைக் காப்பதும் குற்றவாளியைத் தண்டிப்பதும் தராசின் இரு தட்டுகள் என்றும், ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழ்ந்தே தீரும் என்றும் எண்ணிக்கொள்கிறான். "நிரபராதிக்கு இத்தனை காவல் எதற்கு? சிறிது குறைத்தால் குற்றவாளி அகப்படுவானே!" என்று அவன் கேட்பதும் அதனாலேயே. இத்தராசுக் கணக்கே பிழை என்பது நம் துணிபு. எவ்வாறு என்பதைக் காண்போம்.

மதுரையும் லண்டனும்

சிலப்பதிகாரக் கதையை அறியாத தமிழர் இலர். பாண்டிமாதேவியின் சிலம்பைக் களவாடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். கண்ணகியின் சிலம்பை விற்க வந்த கோவலன், ஊழ்வசத்தால் அவனிடமே வந்து சேர்ந்தான். தன் களவை மறைக்க இதுவே தருணம் எனக் கண்ட கொல்லன் அரசனிடம் ஓடினான். அரசன் சாட்சி கேட்டிலன். சிலம்பினுள் முத்தோ மாணிக்கமோ என்று பார்த்திலன். குற்றஞ்சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தை வினவினானும் அல்லன். கோவலன் வெட்டுண்டான். இக்கதையைச் சொல்லும்போது நிரபராதி மாண்டான் என்று வருந்துகிறோம். மறுபாதியை மறந்துவிடுகிறோம். கோவலன் வெட்டுண்ட அக்கணத்திலேயே மெய்க்கள்வன் தப்பினான். அவனைத் தப்பவிட்டது அரசனுடைய இரக்கமன்று, அவசரம்.

காவியம் என்று இதனை ஒதுக்குவோர் லண்டன் மாநகரில் நடந்ததைக் கேட்கட்டும். ரில்லிங்டன் பிளேஸ் என்னும் தெருவில் 10-ம் எண் வீட்டு மேல்மாடியில் திமொதி எவன்ஸ் என்ற ஏழைத் தொழிலாளி குடியிருந்தான். எழுத்தறிவு மிகக் குறைந்தவன். 1949-ம் ஆண்டின் இறுதியில் அவன் மனைவியும் பச்சிளம் பெண் குழந்தையும் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தனர். போலீசாரிடம் அவன் ஒன்றுக்கொன்று முரணான வாக்குமூலங்கள் கொடுத்தான். தானே கொன்றதாகவும் ஒரு முறை சொன்னான். கீழ்த்தளத்தில் குடியிருந்த ஜான் கிறிஸ்டி என்பவன் அரசாங்கத் தரப்பின் முக்கிய சாட்சியாகக் கூண்டேறினான். கிறிஸ்டி நயமாகப் பேசினான், எவன்ஸ் தடுமாறினான். 1950-ம் ஆண்டு மார்ச் 9-ம் தேதி எவன்ஸ் தூக்கிலிடப்பட்டான்.

மூன்றாண்டுகள் கழிந்தன. 1953-ம் ஆண்டு மார்ச் மாதத்தில், கிறிஸ்டி காலி செய்துவிட்டுப் போன அதே கீழ்த்தளத்தின் சுவருக்குப் பின்னும் பலகைத் தரைக்கு அடியிலும் பெண் பிணங்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்று அவனுடைய மனைவியினது. எவன்ஸ் கைதாவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அவன் வேறு இரு பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைத்திருந்தான் என்பதும் தெரியவந்தது. கிறிஸ்டியும் தூக்கிலிடப்பட்டான். எவன்ஸுக்கு 1966-ம் ஆண்டில் மன்னிப்பு வழங்கப்பட்டது. மாண்டவனுக்கு மன்னிப்பு!

மதுரையில் குற்றஞ்சாட்டியவனே கள்வன். லண்டனில் சாட்சி சொன்னவனே கொலைஞன். 1950-ல் எவன்ஸுக்குக் காவல் சிறிது கூடுதலாக இருந்து, அவன் வாக்குமூலமும் கிறிஸ்டியின் சாட்சியமும் தீர ஆராயப்பட்டிருப்பின், நிரபராதி பிழைத்திருப்பான் என்பது மட்டுமன்று. கொலைஞன் அன்றே அகப்பட்டிருக்கக்கூடும். பின்னர் மாண்ட நான்கு பெண்களும் வாழ்ந்திருக்கக்கூடும். எனவே நிரபராதியைக் காக்கும் வேலியும் குற்றவாளியைப் பிடிக்கும் வலையும் வெவ்வேறல்ல. அவை ஒரே கயிற்றினால் ஆனவை. நிரபராதி ஒருவன் தண்டிக்கப்படும்போதெல்லாம் குற்றவாளி ஒருவன் தப்புகிறான் என்பதே நம் முதற் பாடம்.

மேலும் ஒன்று. கோவலன் இறந்த பின்னர், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சீற்றம் தணியப் பொற்கொல்லர் ஆயிரவரை ஒரே பகலில் பலியிட்டான் என்று அக்காவியமே கூறுகின்றது. ஒருவன் செய்த களவுக்குத் தொழிலொன்றே குற்றமாகி ஆயிரவர் மாண்டனர். விசாரணையின்றிச் செய்த பிழைக்கு விசாரணையற்ற மற்றொரு பிழையே பரிகாரமாயிற்று. இதனை நம் வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக, பின்னர் வேண்டியிருக்கும்.

வெள்ளையர் கொணர்ந்த நீதி

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1807-ம் ஆண்டில் பினாங்குக்கும், 1826-ம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் மலாக்காவுக்கும் ஆங்கில மன்னர் நீதிப் பட்டயம் வழங்கினார். ஆங்கிலச் சட்டத்துடன் ஜூரி என்னும் முறையும் கப்பலேறி வந்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்பதை நீதிபதி முடிவு செய்யாமல், ஊராருள் தேர்ந்தெடுக்கப்பட்டோர் அமர்ந்து முடிவு செய்வதே ஜூரி முறை. இங்கிலாந்தில் பன்னிருவர் அமர்ந்தனர்; பிற்காலச் சிங்கப்பூரில் எழுவர் அமர்ந்தனர். மலாய் சமஸ்தானங்களில் அது நிலைக்கவில்லை. நீதிபதிக்குத் துணையாக அசெசர்கள் இருவர் அமரும் வழக்கம் ஏற்பட்டது.

அந்தச் சமஸ்தான நீதிமன்றத்தில், 1911-ம் ஆண்டில், உலகெங்கும் பேசப்பட்ட வழக்கொன்று நடந்தது. கோலாலம்பூரின் விக்டோரியா பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பை வகித்தவரின் மனைவி எதல் பிரவுட்லொக் என்னும் ஆங்கில மாது. ஏப்ரல் மாதத்து மழையிரவொன்றில் அவர் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயரைக் கைத்துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். அவர் தம் கற்பைக் கெடுக்க முயன்றதனால் சுட்டதாக அம்மாது கூறினார். வீழ்ந்தவன்மீது மேலும் மேலும் குண்டு பாய்ந்ததை அக்காரணம் விளக்கவில்லை என்று நீதிபதியும் அசெசர்களும் கருதினர். கொலைக் குற்றம் உறுதியாயிற்று. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது.

வெள்ளையர் சமூகம் கொந்தளித்தது. ஜூரி இருந்திருந்தால் இத்தீர்ப்பு வந்திராது என்று பலர் எழுதினர். விண்ணப்பங்கள் பறந்தன. அவ்வாண்டு ஜூலை மாதத்தில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பளித்தார். அம்மாது கப்பலேறி இங்கிலாந்து சென்றார். சாமர்செட் மாம் என்னும் எழுத்தாளர் பின்னாளில் இந்நிகழ்ச்சியைத் தழுவிக் கதையும் நாடகமும் எழுதிப் புகழ்பெற்றார்.

அம்மாது மெய்யாகவே குற்றவாளியா என்பதை இன்று நாம் தீர்ப்பதற்கில்லை. நாம் காண வேண்டியது வேறு. இவ்வழக்கில் சட்டம் தளரவில்லை, சாட்சி சோரவில்லை, நீதிபதி அஞ்சவில்லை. தீர்ப்பும் கடுமையாகவே வந்தது. ஆயினும் தீர்ப்பின்படி குற்றவாளியானவர் மூன்று மாதங்களுக்குள் சுதந்திரமாகக் கடல் கடந்தார். அவருக்காகப் பேச ஒரு சமூகம் இருந்தது. அச்சமூகத்தின் குரல் அரண்மனை வரை எட்டிற்று. ரப்பர்த் தோட்டத்துக் கூலி ஒருவனுக்காக அத்தனை விண்ணப்பங்கள் திரண்டிருக்குமா என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கலாம். நீதிமன்றத்தின் வாயில் அடைபட்டாலும் அந்தஸ்து உடையோர்க்குப் பின்வாயில் ஒன்று உண்டு என்பது நம் இரண்டாம் பாடம்.

எழுவர் அமர்ந்த ஆசனம்

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் சிங்கப்பூரின் நிலை வேறாயிற்று. 1950-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மலாய் மாது ஒருவரால் வளர்க்கப்பட்ட மரியா ஹெர்டோக் என்னும் டச்சுச் சிறுமியை அவள் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற தீர்ப்பை முன்னிட்டுப் பெருங்கலவரம் மூண்டது. 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். அக்கலவரத்தில் ஆங்கில விமானப்படை வீரர் ஒருவரைக் கொன்றதாக நால்வர் மீது வழக்கு நடந்தது. அவர்களுக்காக வாதாட அமர்ந்தவர், இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பிய இளம் வக்கீல் லீ குவான் இயூ.

அந்தி மயங்கும் நேரம், பெருங்கூட்டம், குழப்பம். அந்நிலையில் இன்னார்தாம் அடித்தவர் என்று சாட்சிகள் எவ்வாறு உறுதியாகக் கூற முடியும் என்று அவர் கேட்டார். ஜூரிகளின் உள்ளத்தில் ஐயம் புகுந்தது. நால்வரையும் கொலைக் குற்றத்தினின்றும் விடுவித்தனர். வென்ற வக்கீல் மகிழவில்லை. தம் கடமையைச் செய்தோம் எனினும் தீமையே செய்தோம் என்ற உணர்ச்சியுடன் வீடு சென்றதாக அவரே பின்னாளில் கூறியிருக்கின்றார். ஜூரி முறையில் அவருக்கிருந்த நம்பிக்கை அன்றே குலைந்தது. 1959-ம் ஆண்டில் அவர் பிரதம மந்திரியானார். சிறிது காலத்திற்குள் மரண தண்டனைக்குரிய வழக்குகள் தவிர ஏனையவற்றில் ஜூரி முறை நீக்கப்பட்டது.

எஞ்சியதையும் நீக்கும் மசோதா 1969-ம் ஆண்டில் வந்தது. அதனை எதிர்த்து நின்றவர் டேவிட் மார்ஷல். 1955-ல் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராயிருந்தவர். குற்ற வழக்குகளில் நிகரற்ற வக்கீல் எனப் பெயர் பெற்றவர். தாம் நடத்திய நூறு கொலை வழக்குகளில் தொண்ணூற்றொன்பதில் விடுதலை பெற்றுத் தந்ததாக அவர் விசாரணைக் குழுவின்முன் கூறினார் என்றும், அத்தொண்ணூற்றொன்பது பேரும் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்தாமா என்று தாம் வினவியபோது, அவர்களுக்காக வாதாடுவதே தம் கடமை, அவர்களுக்குத் தீர்ப்பளிப்பதன்று என்று மறுமொழி தந்தார் என்றும் லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். ஒருவனைத் தூக்குக்கு அனுப்பும் பாவம் தம்மைச் சேரும் என்று ஜூரிகள் அஞ்சுகின்றனர். கர்ப்பிணி ஒருத்தி ஜூரியில் அமர்ந்தால் பிறக்கும் குழந்தைக்குத் தோஷம் என்று கருதி விடுதலையே கூறுவர் என்று, பல வழக்குகளைக் கண்டெழுதிய பத்திரிகை நிருபர் ஒருவரும் அக்குழுவின்முன் சொன்னார். மசோதா நிறைவேறிற்று. 1970-ம் ஆண்டு முதல் கொலை வழக்குகளை இரு நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தனர். 1992-க்குப் பின் நீதிபதி ஒருவரே விசாரிக்கலாயினார். மலேசியாவும் 1995-ம் ஆண்டில் ஜூரிக்கு விடை கொடுத்தது.

இரு தரப்பிலும் உண்மை உண்டு. மூடநம்பிக்கையால் தீர்ப்பு மாறுமாயின் அது நீதியன்று; குருட்டதிர்ஷ்டம். சாதுரியமான பேச்சால் ஜூரிகளை மயக்கலாம் என்பதும் பொய்யன்று. ஆயினும் குற்றவாளிகளைத் தப்பவிட்டது இவ்வெழுவர் ஆசனந்தானா? அதே பத்தாண்டில் அதே ஊர் ஜூரிகள் செய்ததைச் சற்று நோக்குவோம்.

1963-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சன்னி ஆங் என்னும் இளைஞன் தன் காதலியைச் சிங்கப்பூரின் தென்பகுதித் தீவுகளுக்கருகே கடலில் முக்குளிக்க அழைத்துச் சென்றான். அவள் மீளவில்லை. உடல் கிடைக்கவேயில்லை. அவள் பெயரில் பெருந்தொகைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கப்பட்டிருந்தது. கண்ணால் கண்ட சாட்சி இல்லை, பிணமும் இல்லை. 1965-ல் ஜூரிகள் எழுவரும் ஒருமனதாகக் குற்றவாளி என்றனர். 1967-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அவன் தூக்கிலிடப்பட்டான்.

மற்றொன்று புலாவ் செனாங் வழக்கு. செனாங் என்றால் மலாய் மொழியில் சுகம். அப்பெயருடைய தீவில், ரகசிய சங்கத்தார் எனப் பிடிக்கப்பட்டவர்களை உழைப்பினால் திருத்தும் முயற்சி 1960-ல் தொடங்கிற்று. 1963-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி அங்குக் கலகம் வெடித்தது. தீவின் தலைவர் டட்டனும் மேலும் மூன்று அலுவலரும் கொல்லப்பட்டனர். 58 பேர் ஒருசேரக் கூண்டில் நின்றனர். எழுவர் அடங்கிய ஜூரி 64 நாட்கள் அமர்ந்து கேட்டது. 18 பேருக்குத் தூக்கு. 29 பேருக்குச் சிறை. 11 பேருக்கு விடுதலை. இவருக்கு இன்ன செயல், அவருக்கு இன்ன பங்கு என்று பிரித்தே தீர்ப்பளித்தனர். அப்பதினெண்மரும் 1965-ம் ஆண்டு அக்டோபர் 29-ம் தேதி தூக்கிலேறினர். தூக்குக் கயிற்றுக்கு அஞ்சும் ஜூரி ஒரே வழக்கில் பதினெட்டுப் பேரை அனுப்புமா?

இவ்விரு வழக்குகளிலும் போலீசார் பாடுபட்டுச் சான்று திரட்டினர். ஜூரிகள் குற்றத்தைக் கண்டனர். விமானப்படை வீரர் வழக்கில் சான்று அந்தி வெளிச்சம்போல் மங்கலாயிருந்தது, ஜூரிகள் ஐயுற்றனர். வேறுபாடு ஆசனத்தில் இல்லை. கூண்டேறிய சான்றில் இருந்தது. விளக்கில் எண்ணெய் இல்லாதபோது திரியை நொந்து பயன் என்?

கூண்டேறாத சாட்சி

சான்று ஏன் கிடைக்கவில்லை? இதற்கு விடையை அக்காலத்து அரசாங்கமே வெளிப்படையாகச் சொல்லிற்று. யுத்தத்திற்குப் பிந்திய சிங்கப்பூரில் ரகசிய சங்கங்கள் தெருவுக்குத் தெரு ஆட்சி செலுத்தின. கடைக்காரன் காப்புப் பணம் கட்டினான். சிறுவன் சங்கத்தில் சேர நிர்ப்பந்திக்கப்பட்டான். நடுத்தெருவில் வெட்டு விழுந்தால் நூறு பேர் கண்டனர். நீதிமன்றத்தில் ஒருவரும் காணவில்லை. சாட்சி சொன்னவன் வீடு சேரமாட்டான் என்பதை எல்லோரும் அறிந்திருந்தனர்.

ஆதலின், 1955-ம் ஆண்டில் தாற்காலிகமாகப் பிறந்த குற்றச் சட்டத்தில், ரகசிய சங்கத்தாரை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் அதிகாரம் 1958-ல் சேர்க்கப்பட்டது. புலாவ் செனாங் தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள் இவ்வாறு பிடிபட்டவரே. தாற்காலிகம் என்று பெயர் கொண்ட இச்சட்டம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு, 2024-ம் ஆண்டிலும் மேலும் ஐந்தாண்டு ஆயுள் பெற்றது. மலேசியாவில் 1969-ம் ஆண்டுக் கலவரத்தின் பின் வந்த அவசரகாலச் சட்டம் அதே வேலையைச் செய்தது. 2011-ல் அவசரகாலப் பிரகடனங்கள் நீக்கப்பட்டன. காவலில் இருந்தோர் வெளிவந்தனர். துப்பாக்கிச் சூடுகள் மிகுந்தன என்ற கூக்குரல் எழுந்தது. 2013-ல் குற்றத் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டு, விசாரணையற்ற காவல் வேறு பெயரில் மீண்டும் குடிபுகுந்தது.

உண்மையை மறைத்தல் நமக்கு அழகன்று. சிங்கப்பூரில் ரகசிய சங்கங்களின் கொட்டம் அடங்கியதற்கு இச்சட்டமும் ஒரு காரணம். இரவில் பெண்கள் தனியே நடக்கும் நகரத்தைக் கண்டு பெருமையடையாதார் இலர். ஆயினும் இதன் விலை என்ன? நீதிமன்றத்தில் வைக்கப்படாத குற்றச்சாட்டு, உண்மையோ பொய்யோ என்று ஒருநாளும் வெளிப்படப் போவதில்லை. உள்ளே வைக்கப்பட்டவன் குற்றவாளியாயின், அவன் செய்த குற்றத்திற்குத் தீர்ப்பு இல்லை. பறிகொடுத்தவன் உண்மையறியும் நாளும் இல்லை. அவன் குற்றமற்றவனாயின், மெய்க்குற்றவாளி வெளியே உலவுகிறான். அவனைத் தேடுவாரும் இல்லை. 2015-ம் ஆண்டில் சிங்கப்பூரின் மேன்முறையீட்டு நீதிமன்றம், கால்பந்துப் பந்தயச் சூதில் பிடிபட்ட ஒருவரின் காவல் சட்டத்துக்கு உட்பட்டதன்று என விடுவித்தது. ஒரு வாரத்திற்குள் அவர் மீண்டும் பிடிக்கப்பட்டார். 2018-ல் மந்திரியின் முடிவே முடிவானது என்ற வாசகம் சட்டத்தில் எழுதப்பட்டது.

சாட்சியின்றிக் குற்றவாளியைப் பிடிக்க மற்றொரு வழியும் காணப்பட்டது. அது அனுமானம். சிங்கப்பூரில் 2 கிராமுக்கு மேல் ஹெராயின் வைத்திருப்பவன், விற்கவே வைத்திருந்தான் என்று சட்டம் கருதும்; அன்று என்று மெய்ப்பிப்பது அவன் பொறுப்பு. 1975-ம் ஆண்டு முதல் 15 கிராமுக்கு மேற்பட்ட ஹெராயின் கடத்தலுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு வருகின்றது. பிரிவி கௌன்சில் இவ்வனுமானத்தை 1980-ல் ஏற்றது. மலேசியாவோ ஒரு படி மேற்சென்று, பொருள் அவனுடையது என்பது ஓர் அனுமானம், அதன்மேல் கடத்தினான் என்பது மற்றோர் அனுமானம் என இரண்டை அடுக்க இடந்தந்தது. அனுமானத்தின்மேல் அனுமானம் கட்டித் தூக்குமேடை எழுப்பலாகாது என 2019-ல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அச்சட்டப் பிரிவைச் செல்லாததாக்கியது. மூட்டை சுமந்தவன் அகப்படுகிறான். மூட்டை கட்டியவனைப்பற்றிச் சாட்சி சொல்ல எவரும் வருவதில்லை.

இவையனைத்தையும் ஒருங்கே நோக்குக. ஜூரியை நீக்கினோம், விசாரணையை நீக்கினோம், மெய்ப்பிக்கும் பாரத்தை இடம் மாற்றினோம். ஒவ்வொன்றும் கூண்டில் நிற்பவனுடைய காவலைக் குறைத்தது. சாட்சியின் அச்சத்தைக் குறைத்தது எது? மலேசியாவில் சாட்சிகளைக் காக்கத் தனிச் சட்டம் பிறந்தது 2009-ம் ஆண்டில். தமிழன் பால்மரம் வெட்டத் தொடங்கி ஒரு நூற்றாண்டு ஆகிவிட்டது. சாட்சி சொல்பவனுக்கும் உயிருண்டு என்பது அதற்குப் பின்னரே சட்டத்துக்குத் தெரிந்தது. நோய் காலில், மருந்து கையில்.

நம் பங்கு யாது?

இதுகாறும் அரசாங்கத்தைப் பேசினோம். இனி நம்மைப் பேசுவோம். பிறரைக் குறை கூறி நம்மை மறத்தல் சீர்திருத்தக்காரர்க்கு அடுக்காது.

"எங்கள் குடும்பத்தில் கோர்ட்டுப் படி மிதித்தவர் எவரும் இல்லை" என்று பெருமை பேசும் வழக்கம் நம்மிடையே உண்டு. குற்றவாளியாய் மிதிக்கவில்லை எனின் பெருமையே. சாட்சியாய்க்கூட மிதிக்கவில்லை எனின் அஃது எவ்வாறு பெருமையாகும்? பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கணவன் அடிக்கும் ஓசை சுவர் வழியே கேட்கிறது. தொலைக்காட்சியின் ஒலியை உயர்த்துகிறோம். உறவினன் ஒருவன் சிறுமியிடம் தகாது நடந்தான் எனத் தெரிகிறது. "வீட்டு விஷயம் வெளியே போகலாகாது, நாளை அவளுக்கு மணமாக வேண்டும்" என்று மூடி மறைக்கிறோம். அண்டை வீட்டுப் பையன் கும்பலில் சேர்ந்து கத்தி எடுத்தான் என்று அறிகிறோம். "நமக்கேன் வம்பு" என்கிறோம். பின்னர் அதே கோப்பிக்கடையில் அமர்ந்து, சட்டம் குற்றவாளிக்குத் துணை என்று குறைப்படுகிறோம். அக்குற்றவாளிக்கு முதற் துணை நாமல்லவா?

ஒரு வகுப்பாரின் மௌனத்துக்கு மற்றொரு விலையும் உண்டு. எவன் குற்றவாளி என்று ஊரார் சொல்லாத இடத்தில், ஊராரே சந்தேகத்துக்கு ஆளாகின்றனர். இன்ன தாமானில் வாழ்பவன், இன்ன நிறத்தவன், இன்ன எண்ணைப் பச்சை குத்தியவன் என்று அடையாளம் பார்த்துப் பிடிக்கும் வழக்கம் அங்கேதான் வேரூன்றுகிறது. ஒரு கொல்லன் செய்த களவுக்கு ஆயிரம் கொல்லர் மாண்ட கொற்கைக் கதையை முன்னர்ச் சொன்னோம். கதை பழையது, அதன் அபாயம் பழையதன்று. நம் பிள்ளைகளை அவ்வாயிரவருள் நிறுத்தாதிருக்க வேண்டுமாயின், அவ்வொருவனை நாமே சுட்டிக்காட்டும் துணிவு வேண்டும்.

துணிவு என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். அச்சத்துக்குக் காரணம் உண்டென்பதையும் அறிவோம். நாட்கூலிக்காரன் சாட்சி சொல்லப் போனால் அன்றைய கூலி போயிற்று. வழக்குத் தள்ளிவைக்கப்பட்டால் மறுநாள் கூலியும் போயிற்று. கூண்டில் ஏறினால் வக்கீலின் குறுக்கு விசாரணை. இறங்கினால் எதிரியின் ஆட்கள். அவனைத் தனியே அனுப்பிவிட்டுத் துணிவு பற்றிப் பேசுதல் நேர்மையன்று. ஆகவே சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் வாசகசாலைகளும் இதனைத் தம் தொண்டாக ஏற்க வேண்டும். சாட்சி சொல்பவனுடன் நால்வர் துணை செல்க. அவன் இழந்த கூலியைப் பொதுநிதியினின்று கொடுக்க. நீதிமன்றத்தில் என்ன கேட்பர், எவ்வாறு விடையிறுத்தல் வேண்டும் என்பதை வக்கீல்கள் ஊர்தோறும் வந்து எடுத்துரைக்க. திருவிழா ஒன்றின் வாணவேடிக்கைச் செலவு இதற்குப் போதும்.

சாட்சி என்பவன் கண்டதைச் சொல்பவன்; காணாததைச் சொல்லாதவன். இவ்விரண்டாவது கடமையும் முதலாவதைப் போன்றே பெரிது. பகை தீர்க்கப் பொய்ச்சாட்சி சொல்பவன் மதுரைப் பொற்கொல்லனின் வழிவந்தவன். நிரபராதியை அழிப்பதோடு குற்றவாளியையும் விடுவிக்கிறான். கண்டும் வாய் மூடியவன், ஒன்றும் செய்யாமலே அவ்விரண்டில் ஒன்றைச் செய்து முடிக்கிறான்.

குற்றவாளியைத் தப்பவிடுவது யார் என்று தொடக்கத்தில் கேட்டோம். அவசரப்படும் அரசன் தப்பவிடுகிறான். அந்தஸ்துக்கு வளையும் ஆட்சி தப்பவிடுகிறது. இவர்களைத் திருத்துதல் நெடுங்காலப் பணி. ஆயினும் இவர்களினும் பெருந்தொகையினர், நூறு பேர் நின்ற தெருவில் ஒன்றும் காணாத அந்நூறு பேர். அவருள் ஒருவர் நாளை நாமாயிருக்கக்கூடும். அன்று நீதிமன்றத்திலிருந்து அழைப்பு வருமாயின், கண்டதைக் கண்டபடி சொல்ல நாம் செல்வோமா? நியாயத்தைப் பற்றி நாம் பேசும் பேச்செல்லாம் அந்த ஒரு நாளில்தான் சோதிக்கப்படும்.